கைரேகை விழவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

செயற்கை நுண்ணறிவையும், கணினி முடிவெடுக்கப் பின்பற்றும் விதிமுறைகளான அல்காரிதங்களையும் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மைக் காலமாக வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். வேலை இழப்பு, போலிக் காணொளிகள், மாணவர்களின் படிப்பு ஆகியவற்றைப் பற்றி அவை எழுப்பும் கேள்விகள் தேவையானவைதான். ஆனால் ஒருவர் இன்னார்தான் என்று ஒப்புக்கொள்ளும் அதிகாரத்தையே நாம் பல ஆண்டுகளுக்கு முன்பு அல்காரிதத்திடம் கொடுத்துவிட்டோம் என்பதையும், அதன் விளைவை நீலகிரியில் கொழுந்து பறிக்கும் பெண்கள் மாதந்தோறும் ரேஷன் கடையின் கைரேகைக் கருவி முன்னால் அனுபவித்து வருகிறார்கள் என்பதையும் யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகு, கோத்தகிரி வட்டாரத்தில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்து வருகிறேன். அதில் கண்டதையும் யோசித்ததையும் வைத்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தேயிலைச் செடியின் நுனியிலுள்ள இரண்டு இலைகளையும் ஒரு மொட்டையும் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்க வேண்டும். இளம் வயதில் இந்த வேலைக்கு வந்து முதுமைவரை செய்தவரின் விரல் நுனிகளைப் பார்த்தால், தோல் வழவழத்து, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, இலைச்சாற்றின் கறை ஏறிக் கறுத்திருக்கும். இப்போது பல தோட்டங்களில் கொழுந்து வெட்டும் கத்தரி வந்துவிட்டது என்றாலும், இன்று முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள் கையால் பறித்த தலைமுறையினர். உதகைப் பக்கத்தில் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் ஈர மண்ணோடு கிடந்தவர்களின் கைகளும் இப்படித்தான். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் காலைகளில் தோல் காய்ந்து சுருங்கிவிடுவதால், மற்ற மாதங்களில் எப்படியோ பதிவாகிவிடும் ரேகைகூட அப்போது பதிவாகாது. "பாட்டி, கை விழல. இன்னொரு விரலை வைங்க" என்கிறார் கடைக்காரர். விரலைத் துணியில் துடைத்து வைக்கிறார்கள், தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைக்கிறார்கள், இடக்கையை வைக்கிறார்கள். எதுவும் ஏற்கப்படவில்லை என்றால் இன்னொரு நாள் வரச் சொல்கிறார்கள். எஸ்டேட் லயன் வீட்டிலிருந்து மேட்டுப் பாதையில் நடந்து வந்தவருக்கு இன்னொரு நாள் என்பது ஒரு நாள் கூலி.

இந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ரேகையில் கோடுகள் முடிகிற இடங்களும் இரண்டாகப் பிரிகிற இடங்களும் உண்டு. ஆதார் பதிவின்போது அந்த இடங்களின் அமைப்பை எண்களாக மாற்றிச் சேமித்து வைக்கிறார்கள். பின்னர் கடையில் விரலை வைக்கும்போது கிடைக்கும் அமைப்பை அதனோடு ஒப்பிட்டு, எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் ஒரு மதிப்பெண் போடுகிறது. குறித்து வைத்த வரம்பை அந்த மதிப்பெண் தாண்டினால் ஆள் சரி, தாண்டாவிட்டால் ஆள் சரியில்லை. ஒரே விரலை ஒரே கருவியில் இரண்டு முறை வைத்தாலும் மதிப்பெண் ஒன்றாக இருப்பதில்லை. வரம்பை உயர்த்தினால் ஆள்மாறாட்டம் குறையும், ஆனால் உரியவர் திருப்பி அனுப்பப்படுவது கூடும். தாழ்த்தினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். இரண்டு பிழைகளும் அறவே இல்லாத வரம்பு என்று ஒன்று கிடையாது. ஆகவே, எந்தப் பிழையை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்று எங்கோ சிலர் அமர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். அது பொறியாளர்களின் கணக்குபோலத் தோன்றினாலும், திருடன் ஒருவன் தப்பிப்பது பெரிய தீங்கா, உரிய மூதாட்டி ஒருவர் வெறும் பையோடு திரும்புவது பெரிய தீங்கா என்ற அறக்கேள்விக்கு அளிக்கப்பட்ட விடையே அந்த வரம்பு. அந்த விடையை எழுதியவர்கள் யார், எந்த அடிப்படையில் எழுதினார்கள் என்பது அந்த மூதாட்டிக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

ஒரு கருவி 100க்கு 99 முறை சரியாக வேலை செய்கிறது என்றால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆதார் எண் பெற்றவர்கள் 130 கோடிக்கும் மேல். அதில் ஒரு சதவீதம் 1.3 கோடி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 7,35,394 பேர் வாழும் எங்கள் மாவட்டத்தைப்போல் இது பதினேழு மடங்குக்கும் அதிகம். நடைமுறையிலோ பிழை ஒரு சதவீதத்தோடு நிற்கவில்லை. ஒன்றிய நிதி அமைச்சகத்தின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே ஜார்க்கண்டில் 49, ராஜஸ்தானில் 37, குஜராத்தில் 6, ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் 5 சதவீதம் என்று சரிபார்ப்புத் தோல்விகளைப் பற்றிய மதிப்பீடுகளைக் குறிப்பிட்டது. அதன் பிறகு கருவிகள் மேம்பட்டிருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சராசரி எவ்வளவு என்பதைவிட, பிழை யார் மீது விழுகிறது என்பதே என் கவலை. கொழுந்து பறித்தவர், சிமெண்டு குழைத்த கொத்தனார், சலவைத் தொழிலாளி, தொழுநோயால் விரல்களை இழந்தவர், வயது முதிர்ந்தவர் என்று அது திரும்பத் திரும்ப ஒரே பிரிவினர் மீதுதான் விழுகிறது. அதுவும் ஒரே மனிதர் மீது மாதந்தோறும் விழுகிறது. ஓய்வூதியர் என்ற முறையில் நான் நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்று கொடுக்கும்போது கருவி என் விரலை உடனே ஏற்றுக்கொள்கிறது, ஏனென்றால் என் விரல்கள் தாளையும் முத்திரைக் கட்டையையும் மட்டுமே பிடித்தவை. கையால் உழைத்தவரைச் சந்தேகிக்கவும் மேசையில் உழைத்தவரை நம்பவும் எந்த அதிகாரியும் உத்தரவிட்டதில்லை. ஆயினும் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

முதியோர் உதவித்தொகை மணியார்டராக வந்துகொண்டிருந்த காலத்தில், கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் பெருவிரல் ரேகை வாங்கி, அவரை அறிந்த ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்குவோம். மைப்பெட்டியில் தோய்ந்த ரேகை தாளில் எப்படி விழுந்தது என்று யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில்லை. பணம் உரியவரிடம் சேர்ந்ததற்குப் பொறுப்பு அந்தச் சாட்சியும் பட்டுவாடா செய்த தபால்காரரும்தான். இந்த முறையில் இருந்த கேடுகளையும் நான் அறிவேன். பட்டுவாடாவின்போது கமிஷன் பிடித்தவர்கள் இருந்தார்கள், இறந்தவர் பெயரில் பணம் வாங்கியவர்கள் இருந்தார்கள், ஊர்ப் பகையால் சாட்சி சொல்ல மறுத்தவர்களும் இருந்தார்கள். போலி அட்டைகளை ஒழித்ததிலும், இடைத்தரகர் கையைத் தொடாமல் பணம் வங்கிக் கணக்குக்குப் போவதிலும் தொழில்நுட்பம் செய்த நன்மை பெரிது. எனவே பழைய முறையை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதில் ஒரு முடிவுக்குப் பெயரும் ஊரும் உள்ள ஒரு மனிதர் பொறுப்பேற்றார். தவறு நடந்தால் அவரைக் கேட்க முடிந்தது. இன்று கடைக்காரரைக் கேட்டால் கருவியைக் காட்டுகிறார், மேலே கேட்டால் சர்வரைச் சொல்கிறார்கள், சர்வரிடம் போய்க் கேட்பதற்கு வழியில்லை.

நீலகிரியில் இந்தச் சிக்கல் கூடுதலாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து போய்க் குடியேறிய மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வாழ்வளிப்பதற்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம்தான் 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, எல்லோரும் சொல்லும் டான்டீயாக மாறியது. கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் வாழும் அந்தக் குடும்பங்களின் பெயர்களை முதலில் எழுதியவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. பிறகு கொழும்பில் ஓர் அதிகாரி, மண்டபம் முகாமில் ஓர் எழுத்தர், இங்கே ரேஷன் அட்டை எழுதியவர், கடைசியாக ஆதார் மையத்தில் தட்டச்சு செய்த இளைஞர் என ஒவ்வொருவரும் தத்தம் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஓர் ஆவணத்தில் தகப்பன் பெயர் தலைப்பெழுத்தாக முன்னால் நிற்கிறது, இன்னொன்றில் முழுப்பெயராகப் பின்னால் நிற்கிறது, மூன்றாவதில் அந்த இடத்தில் கணவர் பெயர் இருக்கிறது. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லாத ஒரு பெண்மணி, இரண்டு தரவுத்தளங்களை ஒப்பிடும் மென்பொருளுக்கு இரண்டு வெவ்வேறு ஆட்களாகத் தெரிகிறார். வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலுள்ள பெயர் ஆதாரிலுள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக, தோட்டத் தொழிலாளியின் வாழ்நாள் சேமிப்பு நிறுத்தி வைக்கப்படுவதை எங்கள் பகுதியில் அடிக்கடி பார்க்கிறேன். அவற்றைத் திருத்துவதற்கான விண்ணப்பங்களே நான் எழுதுபவற்றில் மிகுதி. குடும்பப் பெயர் என்ற வழக்கமே பெரும்பாலும் இல்லாத மக்களிடம் முதல் பெயரும் கடைசிப் பெயரும் கேட்கும் படிவத்தை வடிவமைத்தவர்கள் செய்த பிழையை, அந்தப் படிவத்தைப் படிக்கவும் தெரியாதவர்கள் அலைந்து திரிந்து திருத்துகிறார்கள்.

கைரேகையை வைத்து ஆளை நிர்ணயிக்கும் முறையின் வரலாற்றையும் நாம் மறந்துவிடக் கூடாது. 1877இல் வங்காளத்தின் ஹூக்ளியில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி ஓய்வூதியம் வாங்குவோர், பத்திரம் பதிவோர், சிறைக் கைதிகள் ஆகியோரிடம் ரேகை வாங்கத் தொடங்கினார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைந்தது. தமிழ்நாட்டில், சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள், உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று அதற்கு எதிராக நின்றவர்களில் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்றைய ரேஷன் கடைக் கருவியையும் அந்தச் சட்டத்தையும் ஒன்றாக நிறுத்துவது நியாயமாகாது, நோக்கங்கள் வேறு. ஆனால் ஏழையின் சொல்லை நம்பாமல் உடலைச் சோதித்தால் போதும் என்ற பார்வை அந்தக் காலத்தில் உருவானது என்பதையும், அதை நாம் முழுவதுமாகக் களைந்துவிடவில்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ரேகை விழாவிட்டால் கருவிழி, கருவிழியும் ஒத்துவராவிட்டால் முகம் என்று மாற்று வழிகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றால் பலருக்குப் பயன் உண்டு. ஆனால் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு கருவிழிப் பதிவு சிலருக்குப் பொருந்துவதில்லை. முகத்தை அறியும் மென்பொருள்களும் எல்லா முகங்களையும் ஒரே விதமாகப் பார்ப்பதில்லை. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைக் கொண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களைப் பொறுத்தவரை பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களைப் பொறுத்தவரை 34.7 சதவீதம் வரை. மென்பொருளுக்குப் பயிற்சியளிக்கப் பயன்படும் படங்களில் யார் மிகுதியாக இருக்கிறார்களோ அவர்களையே அது நன்றாக அறிகிறது. 2025 ஜூலை முதல் அங்கன்வாடிகளில் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவுக்கும் முகச் சரிபார்ப்பு கட்டாயமாகியிருக்கிறது. சமவெளியில் கைபேசி சிக்னல் எளிதாகக் கிடைக்கிறது. எங்கள் பள்ளத்தாக்குகளில், குறிப்பாகப் பழங்குடிக் குடியிருப்புகளில், மேகம் இறங்கிய நாளில் வெளிச்சமும் இருக்காது, சிக்னலும் இருக்காது. தமிழ்நாட்டின் ஆறு தொன்மைப் பழங்குடிகளும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும், வாழும் மாவட்டம் இது. மாநில அரசின் தாயுமானவர் திட்டத்தில் 2025 ஆகஸ்ட் முதல் முதியோர் வீட்டு வாசலுக்கே பொருள்கள் வருவதை மனமார வரவேற்கிறேன். ஆனால் வண்டியோடு அதே சரிபார்ப்புக் கருவியும் வருகிறது.

தரவுகளை ஒப்பிடும் மென்பொருளின் சொல்லை விசாரணையின்றி ஏற்றால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டு மாநிலம் ஒன்றே சான்று. தெலங்கானாவில் பல துறைகளின் பதிவுகளை இணைத்து ஒருவரின் தகுதியைக் கணிக்கும் சமக்ர வேதிகா என்ற மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. பெயர் ஒற்றுமையால் கார் உரிமையாளர் என்று கருதப்பட்டு, ரிக்‌ஷா ஓட்டியவரின் குடும்பம் ரேஷன் உரிமையை இழந்த செய்தி வெளியானது. 2016 முதல் அம்மாநிலத்தில் நீக்கப்பட்ட சுமார் 19 லட்சம் அட்டைகளை நேரில் மறு ஆய்வு செய்யுமாறு உச்ச நீதிமன்றம் 2022இல் உத்தரவிட வேண்டியதாயிற்று. வளர்ந்த நாடுகளும் விலக்கல்ல. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோரை வரித்துறை மோசடிக்காரர்களாக நடத்தியது, அதில் குடியுரிமையையும் ஓர் அளவுகோலாகக் கொண்ட அல்காரிதத்துக்கும் பங்கு இருந்தது. 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசே பதவி விலகியது. அங்கே பொறுப்பேற்க யாராவது இருந்தார்கள் என்பதை நான் குறித்துக்கொள்கிறேன்.

நம் நாட்டில் விதிகள் இல்லாமல் இல்லை. ரேகை ஏற்கப்படாதவருக்கு வேறு வழியில் பொருள் வழங்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் 2017 அக்டோபரிலேயே வந்துவிட்டது. சரிபார்ப்பு தோற்றதால் உரியவருக்குப் பயன் மறுக்கப்படாது என்று ஒன்றிய அரசு அளித்த உறுதியை 2018 செப்டம்பர் 26ஆம் தேதிய ஆதார் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. மனிதரின் மாண்பும் உரிமைகளும் அல்காரிதங்களையோ நிகழ்தகவுகளையோ நம்பியிருக்கும்படி ஆகிவிடக் கூடாது என்று அதே வழக்கில் நீதிபதி சந்திரசூட் தமது மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். அது சிறுபான்மைத் தீர்ப்பானதால் சட்டமாகவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், இயந்திரம் எடுத்த முடிவை ஒரு மனிதர் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கோரும் உரிமை தரப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 22ஆவது பிரிவு, முற்றிலும் தானியங்கியாக எடுக்கப்பட்டு ஒருவரைப் பெரிதும் பாதிக்கும் முடிவுகளுக்கு எதிராக அந்தப் பாதுகாப்பை அளிக்கிறது. நம் சட்டத்திலும் அதைச் சேர்க்க வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்க வேண்டும்.

அதற்குக் காத்திருக்காமல் மாவட்ட அளவிலேயே செய்யக்கூடியவை உண்டு. பொருள் வாங்கினால் கடையில் ரசீது தருகிறார்கள், கருவி மறுத்தால் கையில் எதுவும் கிடைப்பதில்லை. மறுப்புக்கும் தேதி, நேரம், காரணம், கடை எண் ஆகியவை அச்சிட்ட ஒரு சீட்டு தர வேண்டும், ஏனென்றால் சான்று இல்லாத மறுப்பை எதிர்த்து எந்த அலுவலகத்திலும் முறையிட முடியாது. கருவி மறுத்தவருக்கு, அவரை அறிந்த இருவர் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்திட்டால் அன்றைக்கே பொருள் வழங்கிவிட்டு, ஐயம் இருந்தால் பிறகு விசாரிக்கலாம். விசாரிக்கும் சுமை அரசுடையதாக இருக்க வேண்டும். அலையும் சுமையை மூதாட்டியின் தலையில் ஏற்றக் கூடாது. பத்து விரல்களில் எது நன்றாகப் பதிவாகிறது என்று கண்டறியும் வசதி ஆதார் அமைப்பில் ஏற்கெனவே உண்டு. தோட்டங்களுக்கே முகாம் கொண்டுசென்று அதைச் செய்துகொடுத்தால் பாதிப் பேரின் அலைச்சல் குறையும் என்பது என் கணிப்பு.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, நீலகிரியின் ஒவ்வொரு ரேஷன் கடையிலும் ஒவ்வொரு மாதமும் எத்தனை பேரை, எத்தனை முறை கருவி திருப்பி அனுப்பியது என்ற கணக்கு வெளிவர வேண்டும். முயற்சிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. ஆட்களின் எண்ணிக்கையும் வேண்டும், ஏனென்றால் ஆறாவது முயற்சியில் ஏற்கப்பட்டவரும் ஆறு முறையும் மறுக்கப்பட்டவரும் ஒரே கணக்கில் கரைந்துவிடக் கூடாது. இந்த விவரங்கள் சர்வரில் பதிவாகியே இருக்கும். மாவட்ட நிர்வாகம் தானாக வெளியிடாவிட்டால், தங்கள் நிருபர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அவற்றைக் கேட்டுப் பெற்று, கடைவாரியாகத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.